கை ஜில்

எங்கள் வீட்டில் காரியம் கெட ஆரம்பித்த நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். என் கையெழுத்திலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. கட்டம் போட்ட ஒரு நோட்டில், மகன் என்று தலைப்பிட்ட பத்தியில், 3.40 என்று நேரம் போட்டு, எதிரே 91 என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இரண்டே சொல்லில் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறேன்: கை ஜில்.

நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு ஆண்டும் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பொதுத்தேர்வில் யார் யார் தவறுவார்கள் என்று ஒரு பட்டியல் கேட்பார். சத்தம் போடுகிறவன், சந்தேகம் கேட்டு உயிரை எடுக்கிறவன், கணக்கே வரவில்லை சார் என்று மூக்கைச் சிந்துகிறவன் யாரும் என் பட்டியலில் இருக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, புரிகிறதா என்று கேட்டால் சிரித்துத் தலையாட்டுகிறானே, அவன் இருப்பான். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் ஜோசியர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்த விதியைத் தினமும் சாயங்காலம் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீடு கருவடிக்குப்பத்தில். நாங்கள் நான்கு பேர். என் மனைவி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, ஒல்லி, சின்ன வயதில் மழைக்காலம் வந்தால் மூச்சு இளைப்பு வந்துவிடும். மகனுக்கு இருபத்து நான்கு. பன்னிரண்டாவது முடித்த அன்றே, இனி ஆயுசுக்கும் கணக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாய்மாமனோடு துறைமுகத்துக்குப் போய்விட்டான். அதுவரை அப்பா என்று கூப்பிட்டவன் அங்கே போனதிலிருந்து நைனா என்கிறான். படகு வந்து ஏலம் முடிந்ததும் மீனை வகை பிரித்து, ஐஸை உடைத்துக் கொட்டி, பெட்டி பெட்டியாக அடுக்கி வண்டி ஏற்றுவது அவன் வேலை. கையுறை போட்டால் மீன் வழுக்குகிறதாம், வெறுங்கைதான். வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்காரும்போதும் அவன் விரல்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய் போலவே இருக்கும்.

நல்ல உடம்பு அவனுக்கு. அவன் வந்து உட்கார்ந்தால் பிளாஸ்டிக் நாற்காலி ஒருமுறை யோசிக்கும். இரண்டு வீட்டாரும் பெருமைப்படுகிற உடம்பு அது. போட்டோவில் அவன் பக்கத்தில் நிற்க உறவுக்காரர்கள் இடம் தேடுவார்கள்.

இப்போது நண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொரோனா வந்த காலத்தில் ஊரே வாங்கியது போல நானும் ஓர் ஆக்சிமீட்டர் வாங்கினேன். விரலைக் கவ்விக்கொண்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டுமே, அது. தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டினால் நிம்மதி. விரலைக் கவ்வுவதால் பிள்ளைகள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் மகன் துறைமுகத்திலிருந்து வந்தும் வராததுமாக நண்டை மாட்டினேன். எண்பத்திரண்டு காட்டியது. கால் கழுவக்கூட விடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். மறுபடி மாட்டினார். தொண்ணூற்றெட்டு. விரல் சில்லிட்டிருந்தால் இது இப்படித்தான் தப்பாகக் காட்டும் என்று சொல்லிவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, நண்டை என் விரலில் மாட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எண்பத்திரண்டு என்றால் நான். மகள் பஸ்ஸை விட்டுவிட்டாள் என்று பதறினால், எண்பத்திரண்டு. சிலிண்டர் மூடினோமா என்று பாதி வழியில் திரும்பினால், எண்பத்திரண்டு. கல்யாண வீடுகளில் என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, பந்தியின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பார்: என்னா மச்சான், முகம் எண்பத்திரண்டா இருக்கு. சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கதை தெரியும். மீதிப் பாதிக்கு அவரே சொல்வார்.

இத்தனையும் மனதில் இருந்தால்தான் கை ஜில் என்ற குறிப்பு புரியும்.

மழை விட்ட பிறகு ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. மகள் கல்லூரியிலிருந்து முதலில் வாங்கி வந்தாள். இரண்டு நாள் கழித்து மகனுக்கு. மனைவிக்கு ஒருநாள் உடம்பு சுட்டது. நெத்திலிக் குழம்பில் போய்விட்டது என்று இன்றுவரை சொல்கிறாள். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. வேலை வந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பரணிலிருந்து நண்டை இறக்கிப் புதுப் பேட்டரி போட்டேன். நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தேன். தினம் மூன்று வேளை எண். அதோடு விட்டேனா என்றால் இல்லை. இரண்டு பேரில் யாருக்குக் காய்ச்சல் முற்றும் என்று கணித்து மதிப்பெண்ணும் போட்டேன். மகள்: ஒல்லி, கழித்தல். பழைய இளைப்பு, கழித்தல். ஓயாத இருமல், பெரிய கழித்தல். மகன்: நல்ல உடம்பு, கூட்டல். ஐஸ் பெட்டி தூக்குகிறவன், கூட்டல். சிரித்துக்கொண்டிருக்கிறான், கூட்டல்.

மகளுடைய இருமல் சாதாரண இருமல் இல்லை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டு நின்றுபோனால் அதை வைத்தே மணி பார்த்துக்கொள்ளலாம். நான் அவள் அறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன். ஃபேனை நிறுத்தினேன். ஆவி பிடிக்க வைத்தேன். ஒரு டம்ளர் கஷாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் வாயைத் திறந்ததே இருமத்தான். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்:

"அப்பா, நானாவது இருமிக்கிட்டு இருக்கேன். அவன் ரூம்ல சத்தமே இல்ல. அங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க."

கஷாயத்திலிருந்து தப்பிக்க வழி தேடுகிறாள் என்று நினைத்தேன். தேடியும் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் சரியாகக் கணித்த முதல் ஆள் அவள்தான்.

மகன் அறைக்கும் போகாமல் இல்லை. மூன்று வேளையும் போய் எண் எடுத்தேன். நோட்டில் அவன் பத்தியை மேலிருந்து கீழே படித்தால் இப்படி இருக்கும்: 97, 97, 97, 96, 96, 96, 95, 95, 94. மகள் பத்தி 98, 97, 98, 97 என்று கரையோரப் படகு போல அதே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ ஆடுகிற படகை. அந்தப் பக்கம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்து நாலாம் நாள். மூன்று நாற்பதுக்கு நண்டை மாட்டினேன். எண்ணை எனக்கு முன்னால் அவனே பார்த்துவிட்டான்.

"நைனா, தொண்ணூத்தி ஒண்ணுதான். எண்பத்திரண்டு வரட்டும், அப்புறம் ஆட்டோ கூப்பிடு."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆட்டோ கூப்பிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கூடவே கல்யாணப் பந்தியும் அந்தக் கோடியிலிருந்து வரும் குரலும் கண் முன்னால் வந்தன. நோட்டை எடுத்து, 91 என்று எழுதி, பக்கத்தில் கை ஜில் என்று எழுதினேன். எழுதியதும் அந்த யோசனை போய்விட்டது. மகளுக்குக் கஷாயம் எடுத்துக்கொண்டு போனேன்.

இதில் நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அவன் கை ஜில்லென்று இல்லை. நண்டை மாட்டும்போது அந்தக் கை என் கைக்குள்தான் இருந்தது. காய்ச்சலில் அடுப்பு மாதிரி சுட்டது. நாலு நாளாக ஐஸைத் தொடாத கை அது. தொட்டுக்கொண்டே இருந்து, ஜில் என்று எழுதியிருக்கிறேன்.

ஐந்தேகாலுக்கு மனைவி ஈரக் கையோடு என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். சமையலறைக்கும் மகன் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

"என்னாங்க, அவன் பேச்சு சரியில்ல."

உளறுகிறானா என்று கேட்டேன்.

"ஒளறல. போன்ல யார்கிட்டயோ நல்லாத்தான் பேசுறான். ஆனா ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா நிறுத்துறான். எம் புள்ள நிறுத்திப் பேசுறவனா?"

அவள் வீட்டு மனிதர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். படகு எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய பரம்பரை. ஒருவர் வாயைத் திறந்தால், மீன் வந்த கதையும், வண்டி வராத கதையும், அடுத்தவனைக் கேலி செய்வதும் ஒரே மூச்சில் முடிந்த பிறகுதான் வாய் மூடும். நடுவில் புகுந்து பேச இடம் தேடியே எனக்குப் பாதி இல்லறம் கழிந்துவிட்டது. என் மகன் அந்தப் பக்கத்து ரத்தம்.

வாசற்படியில் நின்று கேட்டேன். துறைமுகத்துக் கூட்டாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். "நாளைக்கு... வந்துருவேன்... மாமாகிட்ட... சொல்லிடு." நாலு சொல். மூன்று நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்துக்குக் கீழே, எலும்புக்கு மேலே இருக்கிற அந்தக் குழி உள்ளே போய் வந்தது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சுச் சிரிப்பு. அதை நான் அடையாளம் கண்டுகொள்ள ஐந்தேகால் ஆனது.

நண்டை மாட்டினேன். எண்பத்தெட்டு. அந்த நர்ஸம்மா செய்தது போல அவன் கையை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன். மறுபடி எண்பத்தெட்டு. தேய்க்கத் தேய்க்கச் சூடுதான் தெரிந்தது. அப்போதும் ஒரு கணம் தயங்கினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். இன்னொரு முறை ஊர் சிரிக்குமே என்று. மனைவி அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். கெளம்புங்க."

அவளே தம்பிக்குப் போன் போட்டாள். அவர் கனகசெட்டிக்குளத்தில் மீன் எடுத்துக்கொண்டு குட்டியானையில் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஐஸ் பெட்டிகளோடு அந்தச் சின்ன லோடு வண்டி வீட்டு வாசலில் நின்றது. வாசலில் என்னைப் பார்த்தால் அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். அவர் மகனைப் பார்த்தார். முன் சீட்டில் கிடந்த சாமானை அள்ளிப் பின்னால் போட்டார்.

மகள் வீட்டில் இருக்க, மகனை முன்னால் உட்கார வைத்து, மனைவி அவனை ஒட்டி உட்கார, நான் பின்னால் மீனோடு ஏறினேன். ஏறும்போது அவன் சொன்னான்: "மாமா... என்னையும்... பின்னால... ஐஸ்ல போட்டுரு... கெடாம போவேன்." யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அதில் ஏமாற்றம்தான்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலுக்கு மீன் வண்டி வரக் கூடாது என்று காவலர் கையைக் காட்டினார். அவர் சொன்னது நியாயம்தான். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வந்திருந்தது. மைத்துனர் இறங்கி, முன் கதவைத் திறந்து காட்டி, "இது மீனு இல்லண்ணா, என் மருமவன்" என்றார். காவலரே ஓடிப் போய்ச் சக்கர நாற்காலி கொண்டு வந்தார்.

பார்த்த டாக்டரம்மாவுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். நாடி பார்ப்பது போல மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையும் அவன் மார்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முழுதாக ஒரு நிமிடம். வேறெங்கோ பார்ப்பது போல நின்று காப்பி அடிப்பவனைப் பிடிக்கிற வித்தை எனக்கும் தெரியும் என்பதால், அவர் எண்ணுவது நாடியை இல்லை என்று புரிந்துகொண்டேன். நிமிடத்துக்கு முப்பத்து நாலு மூச்சு. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காக மூச்சு விட ஆரம்பித்துவிடுவார்கள், அதனால்தான் இந்தத் திருட்டு என்றார். பிறகு ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். எதுவரைக்கும் என்று மகன் கேட்டான். கணக்கை விட்டுவிட்டு ஓடியவனுக்கு அதிலும் ஒரு பெருமை. முடிகிற வரைக்கும் என்றார். ஒன்பதில் நின்றுவிட்டான்.

மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு தெளித்தது போல இருந்தன. வந்திருப்பது ஃப்ளூதான், ஆனால் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார்.

நான் நோட்டை நீட்டினேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், ஏதாவது கேட்டால் ரெக்கார்டைக் காட்டுவது. அவர் மகள் பத்தியைப் படித்தார். மகன் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். எல்லாம் இதுலயே இருக்கு."

எல்லாப் படியும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் விடையை மாற்றி எழுதுகிற பிள்ளைகளிடம் நானும் இதையே சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு வலிக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கை ஜில் என்றால் என்ன என்று கேட்டார். எண்பத்திரண்டு கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கூட்டல் கழித்தல் பட்டியலையும் ஒப்புக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டார். முகத்தையும் இருமலையும் வைத்து யாருக்கு முற்றும் என்று சொல்ல முடியாது என்றார். வயதானவர்கள், சர்க்கரை, இதய நோய், பழைய இளைப்பு உள்ளவர்கள் என்றால் கூடுதலாகக் கவனிப்போம். அந்த வகையில் மகளைப் பார்த்துக்கொண்டது தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை விட்டுவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு வேளை எண்ணை விட, எண் எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியம். மூச்சின் எண்ணிக்கை முக்கியம். பேச முடிகிறதா, நாலு அடி நடந்தால் எண் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் தயங்கி, உடம்பைக் கூட்டலில் போட்டிருக்கிறீர்களே, எங்கள் கணக்கில் அவ்வளவு எடை கழித்தல் பக்கம்தான் சார் என்றார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு என் மகனை நான் எத்தனை வீட்டு விசேஷங்களில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

"இனிமே என்ன ஆகும்னு சொல்லுங்க டாக்டர்."

"தெரிஞ்சா சொல்லிடுவேன் சார். நாளைக்கும் நாளன்னைக்கும் பாக்கணும். இந்த மாஸ்க்லயே தாங்கிட்டார்னா நல்லது. இல்லன்னா தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், ஐந்து நிமிடம் பார்க்கலாம். நோட்டில் புதுப் பத்தி போட்டேன். தலைப்பு: ஒரு மூச்சுக்கு எத்தனை சொல். இது மனைவி கண்டுபிடித்த கருவி. நான் கோடு போட்டவன் மட்டுமே. புதன் காலை நான் போனேன். குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலுக்குக் காற்று நன்றாகப் போகுமாம். "காய வெச்ச... கருவாடு மாதிரி" என்று முனகினான். இரண்டு, இரண்டு. மாலையில் மனைவி போய் வந்தாள். அவள் வாழ்நாளில் என் நோட்டை மதித்ததில்லை. வெளியே வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மான்னான். நிறுத்துனான். கொழம்புன்னான். நிறுத்துனான். எழுதிக்கிங்க" என்றாள். ஒன்று, ஒன்று என்று எழுதினேன். அந்த இரண்டு எண்ணையும் எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது.

மகள் வீட்டிலிருந்து மணிக்கு ஒருமுறை போன் செய்தாள். இருமிவிட்டுப் பேசுவாள், பேசிவிட்டு இருமுவாள். அவள் எண்ணைக் கேட்டேன். "என் பத்திய நிறுத்துங்கப்பா. அந்த இடத்தையும் அவனுக்குக் குடுங்க" என்றாள். அப்புறம் இருமவில்லை. அழுகிறாள் என்று புரிந்தது.

வியாழன் காலை ஒன்று. டாக்டரம்மா அன்று மாலை வரை பார்ப்போம் என்றார். அன்று பகல் முழுக்க மைத்துனர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"அந்த எண்பத்திரண்ட ஊரெல்லாம் சொன்னது நான்தான் மச்சான்."

நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன் என்றேன். உண்மையும் அதுதான். பயப்படுகிறவனுக்குப் பயப்படாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால், அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை; அன்றும் பாதியில் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார். மூன்று பேருக்கு ஆறு டீ வாங்கி வந்தார்.

மாலையில் நான் போனேன். "வீட்டுக்குப் போ நைனா" என்றான். மூன்று சொல். நடுவில் நிறுத்தமில்லை. வெளியே வந்து மனைவியிடம் மூன்று விரலைக் காட்டினேன். அவள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா மட்டும், ஏறினால் சந்தோஷம், இன்னும் ஒரு நாள் இறங்காமல் இருந்தால் அதைவிடச் சந்தோஷம் என்று கணக்கு வாத்தியார் போலப் பேசினார்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகின்றன. வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் கழுத்துக் குழியை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒருத்தி எழுந்து, என் சட்டையில் ஏதாவது இருக்கிறதா சார் என்று கேட்டுவிட்டாள். மனைவி பேசும்போது நான் கேட்பதில்லை, எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் பேசி என்னை எழுந்து நிற்க வைக்கிறாள். தலைமையாசிரியர் இந்த ஆண்டும் பட்டியல் கேட்டார். எல்லாப் பிள்ளைகளின் மாத மதிப்பெண்ணையும் வரிசையாகக் கொடுங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஜோசியர் பட்டம் போய்விட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, மாஸ்க்கை எடுத்துவிட்டோம், மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்துச் சாதாரண வார்டுக்கு அனுப்புகிறோம், அங்கே போய்க் காத்திருங்கள் என்று சொன்னார்கள். நாங்கள் மூன்று பேரும் காலிக் கட்டிலைச் சுற்றி நின்றோம். மனைவி விரிப்பை நாலு முறை இழுத்துச் சரி செய்தாள். மைத்துனர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஒரு கையில் நோட்டு, சட்டைப் பையில் நண்டு.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் சக்கர நாற்காலியின் கால்பலகை வந்தது. பிறகு மகன் வந்தான். நாலே நாளில் கன்னம் உள்வாங்கி, தாடி முளைத்து, மூக்கில் குழாயோடு, யாரோ ஒரு பெரிய மனிதர் போல இருந்தான். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு அவன் மூச்சை இழுத்தான். நான் எண்ணத் தொடங்கினேன். பாதிக்கு மேல் எண்ண முடியவில்லை.

"நைனா, அந்த நண்ட என் பக்கம் கொண்டாராத, உன் விரல்லயே மாட்டிக்க, மூஞ்சியப் பாத்தா நெஜமாவே எண்பத்திரண்டாட்டம் இருக்க, மாமாவ வேற என்னாத்துக்கு அழ வெச்சுக்கிட்டு இருக்க, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி அம்மா வெச்ச கொழம்பக் கொண்டாரச் சொல்லு, இவங்க குடுக்குற கஞ்சியத் தூண்டில்ல வெச்சா மீனு கூடக் கோச்சுக்கிட்டுப் போயிரும்."